மேசைமேல் ஒரு தோட்டம்

  

பிள்ளைகள் பொம்மைப் போர்வீரர்களை வைத்து விளையாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனையே ஒழுங்காக, விதிகளின்படி, மேசைமேல் ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. இருவர் எதிரெதிரே அமர்வார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் தம் வீரர்களை நகர்த்துவார்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அடிக்கோலால் அளப்பார்கள். சுட்ட குண்டு பட்டதா, படவில்லையா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். நமது நாட்டிலும் பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் இதில் ஈடுபடுகின்றனர். தோட்டத்துப் பிள்ளைகளும் கைப்பேசியில் இதன் படங்களைக் கண்டு ஆசைப்படுகின்றனர்.

இந்த விளையாட்டில் வீரர்கள் நிற்பதற்கு ஒரு நிலம் வேண்டும். குன்று, காடு, ஆறு, பாலம், சாலை, வீடு எல்லாம் வேண்டும். அவை வெறும் அலங்காரம் அல்ல. குன்றின்மேல் நிற்பவனுக்குத் தொலைவில் வருபவன் தெரிவான். காட்டுக்குள் செல்பவன் மெதுவாகத்தான் செல்ல முடியும். ஆற்றைப் பாலத்தின் வழியேதான் கடக்கலாம். ஆகவே, விளையாட்டின் பாதி விதிகள் நிலத்திலேயே இருக்கின்றன. அந்த நிலத்தைக் காசு கொடுத்து வாங்குவதா, கையால் செய்வதா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐரோப்பாவில் முன்பு பிரஷ்யா என்றொரு நாடு இருந்தது. அங்கே ரைஸ்விட்ஸ் என்பவர் 1812ஆம் ஆண்டில் இத்தகைய விளையாட்டு ஒன்றை அரசருக்குச் செய்து கொடுத்தார். அது இழுப்பறைகள் கொண்ட ஒரு மேசை. ஆறு, சாலை, மேடு ஆகியவற்றைக் காட்டும் சிறு சிறு சதுரத் துண்டுகளை வண்ணம் பூசி வைத்திருந்தார். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு முறையும் புதிய நிலம் கிடைக்கும். அவருடைய மகன் 1824இல் இதனை மேலும் திருத்தி, உண்மையான நிலப்படத்தின்மேல் ஆடும்படி செய்தார். நிலத்தில் 8,000 அங்குலம் படத்தில் ஓர் அங்குலம் என்பது அவர் எடுத்துக்கொண்ட அளவு. அந்தக் கணக்கில் ஒரு மைல், படத்தில் ஏறக்குறைய எட்டு அங்குலம் வரும். பிரஷ்யப் படை அதிகாரிகள் இதைப் பாடமாகவே பயின்றனர்.

இதனைப் பொதுமக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 'சிறிய போர்கள்' என்று பொருள்படும் பெயரில் 1913இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். புகழும் வசதியும் உள்ள அந்த எழுத்தாளர் தம் வீட்டுத் தரையில் நிலத்தை எப்படி அமைத்தார் தெரியுமா? முதலில் கனத்த கலைக்களஞ்சியப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தார். பிறகு மரக்கட்டைகளையும் பலகைகளையும் வைத்தார். செடிக் குச்சிகளை மரங்களாக நட்டார். கையில் கிடைத்ததைக் கொண்டு நிலம் செய்வது இந்த விளையாட்டில் தொடக்கத்திலிருந்தே வந்த வழக்கம் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்று கடைகளில் ஆயத்தமான நிலம் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கில் வார்த்த வீடுகள், பிசினில் வார்த்த பாறைகள், கணினியுடன் இணைந்த முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட பாலங்கள், கம்பியில் கோத்த மரங்கள் எல்லாம் உண்டு. அவை உறுதியானவை, பார்க்கவும் அழகானவை, நேரமும் மிச்சமாகும். இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால், இரண்டு செய்திகளை எண்ணிப் பாருங்கள்.

ஒன்று, விலை. ஒரு பெட்டியில் வரும் ஓரிரு வீடுகளுக்குக் கொடுக்கும் வெள்ளி, ஒரு குடும்பத்தின் பல நாள் சந்தைச் செலவுக்குச் சமமாகிவிடலாம். ஒரு வீட்டோடு ஆசை நிற்பதுமில்லை.

மற்றொன்று, விலையைவிட முக்கியமானது. பெட்டிகளில் பெரும்பாலும் வருவது ஐரோப்பியக் கிராமம். கல் வீடு, கூம்பு வைத்த தேவாலயம், பனி மூடிய ஊசியிலை மரம். நம் பிள்ளைகள் விடியற்காலையில் கண் விழித்துப் பார்க்கும் நிலம் அதில் இல்லை. வரிசை வரிசையாக நிற்கும் பால்மரம் இல்லை. தகரக் கூரை போட்ட லயம் இல்லை. ஆனால், நாம் வாழும் இந்த மண்ணிலும் போர் நடந்திருக்கிறது. அந்தப் போரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் நிலத்தை நாமேதான் செய்ய வேண்டும்.

பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர் என்ற ஊர் உங்களில் பலருக்குத் தெரியும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். பிரிட்டிஷ், இந்தியப் படைகள் தெற்கு நோக்கிப் பின்வாங்கி வந்தன. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் கடும் போர் நடந்தது. அதன்பின் அப்படைகள் சிலிம் ரிவருக்கு வடக்கே துரோலாக் பகுதியில் தடுத்து நிற்க முயன்றன. அங்கே பெருஞ்சாலையும் இரயில்பாதையும் அருகருகே செல்கின்றன. இரு மருங்கும் காடும் கித்தாத் தோட்டமும். சாலையை அடைத்துவிட்டால் டாங்கி வண்டிகள் வர முடியாது என்பது கணக்கு.

1942 ஜனவரி 7ஆம் நாள், விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே வந்தன. அந்தச் சாலை முன்பு வளைந்து வளைந்து சென்றது. பிற்காலத்தில் அதை நேராக்கியபோது, பழைய வளைவுகள் பயனற்ற பக்கப் பாதைகளாக மரங்களுக்கிடையே விடப்பட்டிருந்தன. முன்னால் தடை வந்தபோது, ஜப்பானியர் அந்தப் பழைய வளைவுப் பாதைகளில் புகுந்து, தடுத்து நின்றவர்களின் பின்புறம் வந்துவிட்டனர். காலை எட்டரை மணியளவில் சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்கே நாளில், ஜனவரி 11ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது.

தடுத்து நின்றவர்கள் களைத்துப்போயிருந்தனர். டாங்கியைத் தடுக்கும் கண்ணிவெடிகளும் போதவில்லை. இப்படி வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் யாரும் பொருட்படுத்தாத ஒரு பழைய பாதை பெரும் பங்கு வகித்தது. அந்த வளைவுப் பாதை எந்தக் கடைப்பெட்டியிலும் வராது. நிலத்தைப் பார்த்துச் செய்பவனுக்கே அது கிடைக்கும். கையால் செய்யுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

இனி, செய்யும் முறைக்கு வருவோம்.

முதலில் அளவு. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வீரர்களில் 72இல் ஒரு பங்கு என்னும் அளவு பரவலானது. இந்தக் கணக்கு நமக்கு மிக எளிது. ஆறடி என்பது 72 அங்குலம் அல்லவா? ஆகவே, ஆறடி ஓர் அங்குலமாகும். அறுபது அடிப் பால்மரம் பத்து அங்குலம். பன்னிரண்டு அடி அகல அறை இரண்டு அங்குலம். பிள்ளை அடிக்கோலை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக் கதவை, ஜன்னலை, வாசற்படியை அளந்து வரட்டும். வகுத்தல் கணக்கு தானாக வரும்.

ஆனால், இதே அளவை நிலத்துக்கும் வைத்தால் ஒரு மைல் சாலைக்கு 73 அடிக்கு மேல் நீளமான மேசை வேண்டும். அதனால் இவ்விளையாட்டில் நிலத்துக்கு வேறோர் அளவு வைத்துக்கொள்வார்கள். நான்கடி மேசையை ஒரு மைல் என்று கொள்ளலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஓர் அங்குல வீரன் 110 அடி உயரமாகிவிடுவான். ஆகவே, அவன் ஒருவன் அல்லன். முப்பது பேர் கொண்ட ஓர் அணியின் அடையாளம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கும் மரத்துக்கும் ஓர் அளவு, தூரத்துக்கு ஓர் அளவு. இதைப் பிள்ளைக்கு விளக்கிவிட்டால் நிலப்படம் படிப்பதில் பாதி முடிந்தது.

அடுத்து, குன்று. மிக எளிய வழி, மேசைமேல் புத்தகங்களையோ மடித்த துணிகளையோ வைத்து அவற்றின்மேல் பழைய பச்சைத் துணியை விரிப்பது. செலவு எதுவும் இல்லை. நிலையான குன்று வேண்டுமானால், கடையில் பொருள்கள் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி அடுக்குங்கள். அடியில் பெரிய வட்டம், அதன்மேல் சிறியது, அதன்மேல் இன்னும் சிறியது. ஒவ்வோர் அட்டையின் விளிம்பும் நிலப்படத்தில் காணும் ஒரு சமவுயரக் கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு என்பதைப் பிள்ளை விரலால் தடவியே உணரும். கம்பாரில் போர் நடந்த தாம்சன் மேடு, கிரீன் மேடு போன்றவற்றை இவ்வாறு செய்யலாம். பின்னால் நிற்கும் புஜாங் மலாக்கா மலையைச் செய்ய நினைக்காதீர்கள். அது நாலாயிரம் அடிக்கு மேற்பட்டது. நம் கணக்கில் மூன்றடி உயரம் வந்துவிடும். அதன் அடிவாரம் போதும்.

அட்டை ஒட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. அட்டைக்குள் இருக்கும் வரிகள் ஒரு தட்டில் நீளவாக்கில் இருந்தால் அடுத்த தட்டில் குறுக்குவாக்கில் இருக்கட்டும். பசை காயும்வரை மேலே கனமான பொருளை வையுங்கள். இல்லையேல் அட்டை அப்பளம்போல் வளைந்துகொள்ளும். மைதாப் பசையால் ஒட்டலாம். ஆனால், நம் வீடுகளில் கரப்பானும் எறும்பும் அதைத் தேடி வரும். வெள்ளைக் கோந்து ஒரு புட்டி வாங்கினால் நீண்ட நாள் வரும். கோந்து தடவி அதன்மேல் சலித்த மணலையோ மரத்தூளையோ தூவிக் காய்ந்தபின் வண்ணம் பூசினால் மண் தரை ஆகிவிடும். வடிகட்டிய தேயிலைச் சக்கையும் இதற்கு ஏற்றது. ஆனால், அதை வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்; ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

மின்சாரப் பொருள்களுடன் வரும் பாலிஸ்டைரின் என்னும் வெள்ளை நுரைப் பலகையும் குன்றுக்கு நல்லது, எடை குறைவு. ஆனால், அதன்மேல் நேரடியாகத் தெளிப்பு வண்ணம் அடிக்காதீர்கள். பலகை உருகிக் குழி விழும். நீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால் பூசுங்கள். மிஞ்சிய துண்டுகளை எரிக்கவும் கூடாது. அந்தப் புகை நஞ்சு. வெட்டுக்கத்தியைப் பெரியவர்களே கையாள வேண்டும். சிறு பிள்ளைகள் ஒட்டட்டும், பூசட்டும்.

சாலைக்கு, தச்சரிடம் தேய்ந்துபோன கறுப்பு மணல்தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். நீளப் பட்டையாக வெட்டினால் தார்ச்சாலை தயார். மண் சாலைக்குப் பழுப்பு வண்ணம் பூசிய துணிப்பட்டை போதும். ஆற்றுக்கு அட்டைப் பட்டையில் நீலமும் பழுப்பும் கலந்து பூசி, காய்ந்தபின் வெள்ளைக் கோந்தை இரண்டு மூன்று முறை தடவுங்கள். காய்ந்ததும் நீர்போல் பளபளக்கும்.

பால்மரத்துக்குச் சத்தே குச்சி நல்ல அடிமரம். பால்மரம் நெடிது வளர்ந்து மேலேதான் கிளை விரிக்கும்; ஆகவே, குச்சியின் உச்சியில் மட்டும் கிள்ளிய பஞ்சுத் துண்டுகளையோ தேங்காய் நாரையோ ஒட்டிப் பச்சை பூசுங்கள். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நாரைப் பிய்த்தால் அருமையான புதர் கிடைக்கும். மரங்களைத் தனித்தனியாக நிறுத்தாமல், ஓர் அட்டைப் பட்டையில் ஐந்து மரங்களை நேர்வரிசையாக நட்டுவிடுங்கள். வீரர்களை நகர்த்தும்போது வரிசையையே தூக்கி வைக்கலாம். தோட்டத்தில் நிரை வழியே பார்த்தால் நெடுந்தூரம் தெரியும். குறுக்கே பார்த்தால் மரங்கள் மறைக்கும். இலைக்கூரை மூடியிருப்பதால் மேலே பறக்கும் விமானத்திலிருந்து கீழே இருப்பது தெரியாது. பால் வெட்டப் போகும் தாய்க்கும் தந்தைக்கும் இது தெரிந்த செய்தி. விளையாட்டு விதியாக இதை எழுதி வைக்கும்போது உங்கள் அனுபவத்தைப் பிள்ளை கேட்டு அறியட்டும். இப்போது நம் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. அதனால், பால்மரக் காட்டின் நிழலை அறியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும்.

கடைசியாக, லயம். பிஸ்கட் பெட்டி அட்டையில் சுவர் வெட்டுங்கள். ஓர் அறைக்கு இரண்டு அங்குலம். ஐந்து அறைக்குப் பத்து அங்குலம். தகரக் கூரைக்கு ஒரு வழி சொல்கிறோம். அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரித்தெடுங்கள். உள்ளே வரிவரியாக இருக்கும் தாள் வெளிப்படும். அதற்குச் சாம்பல் நிறம் பூசி, ஆங்காங்கே துருவின் செந்நிறத்தைத் தொட்டுவிட்டால், அசல் தகரக் கூரைதான். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் மிக விரும்பிச் செய்யும் வேலை இது. வாசலில் கோழிக்கூடும் துணிக்கொடியும்கூட வைத்துவிடுகிறார்கள்.

நிலம் முடிந்ததும் ஒரே போரை இரண்டு முறை ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை நேர்ச்சாலை மட்டும். தடை போட்டவர் பெரும்பாலும் நெடுநேரம் தாக்குப்பிடிப்பார். இரண்டாம் முறை அந்தப் பழைய வளைவுப் பாதையைக் காட்டும் ஒரு சிறு துணிப்பட்டையைச் சேருங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடமும் புவியியல் பாடமும் ஒரு பட்டைத் துணியில் அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

"பிள்ளைகளுக்குச் சண்டையைக் கற்றுக்கொடுக்கலாமா, ஐயா?" என்று தாய்மார்கள் சிலர் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. முன்பு சொன்ன வெல்ஸும் தம் நூலின் இறுதியில் இதைத்தான் எண்ணிப் பார்க்கிறார். பொம்மைப் போரே இத்தனை குளறுபடியாக இருந்தால் உண்மைப் போர் எவ்வளவு பேதைமை என்பது அவர் கருத்து. உலகம் கேட்கவில்லை. மறு ஆண்டே, 1914இல், முதல் உலகப்போர் மூண்டது.

எங்கள் விடை அந்த லயத்தில் இருக்கிறது. வாங்கி வந்த வீடு மேசைமேல் வெறும் மறைவிடம். தன் கையால் செய்த லயத்தை அப்படிப் பார்க்கப் பிள்ளைக்கு மனம் வராது. "இதற்குள் அன்று யார் இருந்தார்கள்?" என்ற கேள்வி எழும். எழாவிட்டால் நீங்கள் கேளுங்கள். டாங்கிகள் சென்ற சாலையோரத் தோட்டங்களில் இருந்தவர்கள் நம்மவர்கள். அதற்குப் பின் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரயில்பாதை போடும் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் அந்தப் பாதை இணைந்தபோது, அவர்களில் எத்தனையோ பேர் அதன் ஓரத்திலேயே மாண்டுபோயிருந்தனர். பொம்மை வீரன் விழுந்தால் அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்பான். லயத்திலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளை உணர்ந்துவிட்டால், அவன் கற்றது சண்டை அன்று.

ஆகவே, பெற்றோர்களே, காசு செலவிடத்தான் வேண்டுமென்றால் கோந்துக்கும் வண்ணத்துக்கும் நல்ல அடிக்கோலுக்கும் செலவிடுங்கள். வீரர்களைக் கையால் செய்வது கடினம். ஒரு பெட்டி வாங்கித் தாருங்கள். நிலத்தை மட்டும் வாங்காதீர்கள். அட்டையும் குச்சியும் நாரும் வீட்டிலேயே இருக்கின்றன. குன்றையும் வரிசை மரத்தையும் தனித்தனித் துண்டுகளாகச் செய்தால் ஒரே பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம்.

1942ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியை ஒருநாள் அந்த மேசையருகே உட்கார வையுங்கள். "பழைய பாதை இந்தப் பக்கம் போகும், தம்பி, கிணறு அங்கே இருந்தது" என்று அவர்கள் விரலால் காட்டுவார்கள். காட்டிய இடத்தில் பிள்ளை ஒரு கிணற்றைச் செய்து வைக்கட்டும்.